சமையலில் தொடங்கிய மாணவர் குழு: 2022 நெருக்கடியில் ஒரு பல்கலைக்கழகப் பீடத்தின் நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றிய பதிவு

2022இல் இலங்கையின் மலைநாட்டுப் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே பீடத்தைச் சேர்ந்த இடதுசாரி மாணவர்கள் சிலர் ஒரு பொதுச் சமையலைத் தொடங்கினார்கள். அது போராட்டக் குழுவாக மாறியது, கொழும்பு வரை போனது, சில தடவை ஆட்களை இழந்தது, இப்போது மிகச் சிறிய அளவில் இன்னும் இருக்கிறது. நானும் அதில் இருந்தேன். ஜனாதிபதி விலக வேண்டும் என்று மக்கள் கொழும்பில் முகாமிட்டிருந்த காலிமுகத்திடலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் அங்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த சிறிய குழுக்கள் தங்களுக்குள் எப்படிச் சண்டை பிடித்தன, எந்தக் காரணத்துக்காக எந்த முடிவை எடுத்தன என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. தமிழில் அது இன்னும் குறைவு. அடுத்த நெருக்கடியில் இப்படியொன்றைத் தொடங்கப்போகிறவர்களுக்கு வெற்றிக் கதையைவிட இந்த உள்விவரங்கள்தான் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

யாருடைய பெயரும் இதில் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. சிலர் இப்போது அரச வேலையில் இருக்கிறார்கள்.

## பின்னணி

நாட்டின் கதை தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை (வற்) 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள், அரச வருமானம் சரிந்தது. பிறகு கொரோனா வந்து சுற்றுலா நின்றது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது 200 ரூபா சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது.

மாணவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல உதவித்தொகை அப்போது மாதம் 5,000 ரூபா, பல வருடங்களாக அதே தொகையாக இருந்தது. 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபா, 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. அதாவது ஒரு மாத மஹாபொலவும் ஒரு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்று. 2021 முடியும்போது 14 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் 2022 ஜூலையில் 40 ரூபா. வீட்டிலிருந்து காசு வருகிறவர்கள் சமாளித்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, அதையும் முழுதாக எடுக்க முடியாதபடி பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டி, குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டார்கள். ஒரு நாள் சம்பளத்துக்குக் கோதுமை மா எத்தனை கிலோ வரும் என்று வீட்டில் கணக்குப் பார்க்கும்போது பிள்ளை காசு கேட்டு எப்படிப் போன் எடுக்கும்?

இனி இயக்கத்தின் பின்னணி. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் தெற்கில் பலமான அமைப்பு. 2012இல் மக்கள் விடுதலை முன்னணியிலிருந்து (ஜேவிபி) பிரிந்த முன்னிலை சோசலிசக் கட்சிக்கு நெருக்கமானது. தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராகவும், 2021இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராகவும் வீதியில் நின்றது, சிறைக்கும் போனது. அதனால் 2022 நெருக்கடி வந்தபோது அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஊர்வலத்தை எப்படி நடத்துவது, கைதானால் எந்தச் சட்டத்தரணிக்கு அழைப்பது, ஆயிரம் பேருக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் தெரிந்தவர்கள். எங்கள் பீடத்தின் முன்னணிச் சிங்கள மாணவர்கள் அந்த மரபில் வளர்ந்தவர்கள்தான்.

தமிழ் மாணவர்கள் அதில் சேரவில்லை, சேராததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. போரை ஆதரித்த, அதிகாரப் பகிர்வை எதிர்த்த இடதுசாரிகளைத்தான் வடக்கு கிழக்குப் பெற்றோருக்குத் தெரியும். மலையகத்து வீடுகளில் நினைவு இன்னும் பழையது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி இடதுசாரிகள் 1964இல் ஆட்சியில் சேர்ந்தார்கள், அதே வருடம் அந்த மக்களில் பெரும் பகுதியை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எங்கள் குழுவில் இருந்த ஒருவரின் தாத்தாவுடைய அண்ணன் குடும்பம் அந்த ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போனது. 'இடதுசாரி' என்று சொன்னால் அந்த வீட்டில் முதலில் வருவது அந்தக் கதைதான்.

இதோடு, மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதை. 1998இல் சட்டம் கொண்டுவந்தும் அது ஓயவில்லை. எங்கள் பீடத்தில் மாணவர் சங்கக் கூட்டத்துக்கு முதலாம் வருடத்தார் வருவது பெரும்பாலும் பயத்தினால். அந்தப் பயத்தைச் சிலர் ஒழுக்கம் என்று நினைத்தார்கள்.

## முதலில் கவனித்தது

2022 பெப்ரவரியிலிருந்தே விரிவுரை மண்டபத்தில் மதியத்துக்குப் பிறகு ஆட்கள் குறைந்தார்கள். படிப்பில் அக்கறையில்லை என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். மூன்றாம் வருடத்து அக்கா ஒருவர்தான் வேறுவிதமாகப் பார்த்தார். வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் முதலாம் வருடப் பெண்களிடம் தனித்தனியாகக் கதைத்தார். பலர் காலையில் பாணும் தேத்தண்ணீரும், பிறகு இரவுக்கு ஏதாவது, மத்தியானம் ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்தார்கள். கன்ரீனில் சோற்றுப் பார்சல் விலை ஏறிக்கொண்டே போக, அறையில் சமைக்கலாம் என்றால் காஸ் இல்லை. மின்சார அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு மின்வெட்டு.

மாணவர் சங்கம் அந்த நேரத்தில் செய்யத் திட்டமிட்டிருந்தது விரிவுரைப் பகிஷ்கரிப்பு. அக்கா அவர்களிடம் போய், பகிஷ்கரித்துவிட்டு எல்லோரும் பசியோடு அறைக்குத்தான் போவார்கள், வீதிக்கு வரமாட்டார்கள் என்றார். இதில் தொடங்கியதுதான் மற்றதெல்லாம்.

## முதல் முடிவு: சாப்பிட நிபந்தனை இல்லை

மார்ச் நடுப்பகுதியில் வளாகத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் விறகடுப்பில் சமையல் தொடங்கியது. மலைநாட்டில் விறகு கிடைக்கும், அது ஒரு வசதி. சோறு, பருப்பு, ஒரு கீரை, கிடைத்தால் பலாக்காய். ஆளுக்கு ஒரு சிறு தொகை, இல்லாதவர்கள் விறகு எடுப்பார்கள் அல்லது பாத்திரம் கழுவுவார்கள், அதுவும் முடியாதவர்கள் சும்மா சாப்பிடலாம். பக்கத்துக் கடைக்காரர் அரிசியைக் கடனுக்குத் தந்தார். கணக்குப் புத்தகம் அடுப்புக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கியது, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

முதல் பெரிய சண்டை இங்கேதான். இறுதி வருடத்து மூவர், சாப்பிட வருகிறவர்கள் ஊர்வலத்துக்கும் வர வேண்டும் என்றார்கள். அவர்களுடைய வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சோறு மட்டும் போட்டால் இது தான சாலையாகிவிடும், பசிக்குக் காரணமானவர்களை யார் கேட்பது, இயக்கம் என்றால் ஆட்களைத் திரட்டத்தானே என்று கேட்டார்கள். எதிர்ப் பக்கத்தில் அக்காவும் இரண்டாம் வருட முஸ்லிம் மாணவர் ஒருவரும் நின்றார்கள். சோற்றைக் காட்டி ஊர்வலத்துக்குக் கூப்பிடுவது பகிடிவதையின் இன்னொரு வடிவம், பயத்தில் வருகிறவன் கண்ணீர்ப்புகை அடித்ததும் ஓடுவான், அடுத்த நாள் சோற்றுக்கும் வரமாட்டான் என்பது அவர்களுடைய பக்கம்.

இரவு நெடுநேரம் கதைத்து, நிபந்தனை கிடையாது என்று முடிவானது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணிநேரம் ஒரு விடயத்தைப் பற்றிக் கதைப்போம், இருக்க விரும்பினால் இருக்கலாம் என்று சேர்த்தார்கள். டொலர் ஏன் ஏறுகிறது, சர்வதேச நாணய நிதியம் கடன் தந்தால் என்ன கேட்கும், இறையாண்மைப் பத்திரம் என்றால் என்ன, இப்படி. பொருளியல் படிக்கும் ஒரு மாணவி மின்சாரமில்லாத இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் கடன் கணக்கை விளக்கியதைக் கேட்க, முதலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பிறகு முற்றம் நிறைந்தது.

மூவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். மற்ற இருவரும் இருந்தார்கள், பிறகு குழுவுக்கு மிகவும் உழைத்தவர்கள் அவர்கள்தான்.

## ஏப்ரல்

மார்ச் 31 இரவு மிரிஹானயில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டுக்கு முன்னால் கூட்டம் திரண்டது. ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கையும் சமூக ஊடகத் தடையையும் மீறிப் பேராதனை மாணவர்கள் வீதிக்கு வந்தபோது பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடல். இனி யாரையும் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை, எல்லோரும் போக வேண்டும் என்று நின்றார்கள்.

இங்கே இரண்டாவது முடிவு வருகிறது. தமிழ் மாணவர்கள் சிலருக்கும் போக விருப்பம், ஆனால் கைதானால் சிங்கள மாணவருக்கு நடப்பதும் தமிழ் மாணவருக்கு நடப்பதும் ஒன்றாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். 2019இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் ஒன்றிய அறையில் இருந்த படங்களுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "நீங்கள் பிடிபட்டால் மாணவர் தலைவர், நான் பிடிபட்டால் புலி" என்று சிங்களத்திலேயே சொன்னார். கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் வரவில்லை. நாங்கள் எல்லோரும் ஒன்று, அப்படிப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தார், அவரை இன்னொரு சிங்கள மாணவரே நிறுத்தினார்.

முடிவு இதுதான்: ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதைக் குழு ஏற்றுக்கொள்கிறது, அதன்படி வேலையைப் பிரிக்கிறது. போக விரும்பும் தமிழ் மாணவர்களைத் தடுப்பதில்லை, ஆனால் தடையரண் பக்கம் முன்வரிசையில் நிற்கச் சொல்வதில்லை, ஊடகத்துக்கு முன் 'எங்களோடு தமிழரும் இருக்கிறார்கள்' என்று காட்டுவதற்காக யாரையும் இழுத்துவந்து நிறுத்துவதில்லை. சட்டத்தரணியின் எண்ணை எல்லோரும் கையில் பேனையால் எழுத வேண்டும். வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறவருக்கு வளாகத்தில் ஒரு பொறுப்பாள்.

ஏப்ரல் 24ஆம் திகதி ஆயிரக்கணக்கான மாணவர்கள் கொழும்பில் பிரதமரின் வாசஸ்தலத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் குழுவிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். மே 6 ஹர்த்தாலன்று நாடாளுமன்றத்துக்குப் போகும் வீதியில் கண்ணீர்ப்புகைக்குள்ளும் இருந்தார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். முன்வரிசை பற்றிய ஏற்பாடு கோழைத்தனம் என்று வேறு பீடத்தார் சிலர் பேசியது காதில் விழுந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டினால்தான் தமிழ் மாணவர்கள் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் வந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்கள் கொழும்புக்குப் போன நாட்களில் சமைத்தது யார்? பெண்கள். ஆண்கள் வளாகத்தில் இருந்த நாட்களிலும் பெரும்பாலும் அவர்கள்தான். ஒலிவாங்கி ஆண்களிடம், அகப்பை பெண்களிடம் என்ற நிலை யாரும் திட்டமிடாமலே வந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் பெண்கள் ஒரு நாள் அடுப்பை மூட்டாமல் கூட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கிழமை சமையல் முறையில் தன் பெயர் இல்லாதவர் கூட்டத்தில் குழுவின் சார்பில் பேச முடியாது என்ற விதி வந்தது. இதைவிடப் பயனுள்ள விதி எதையும் அந்தக் குழு போடவில்லை என்பது என் அபிப்பிராயம். சோறு கொஞ்சம் குழைந்தது, அவ்வளவுதான்.

## மே 18, கஞ்சி

மே 9ஆம் திகதி ஆளும் தரப்பு ஆட்கள் காலிமுகத்திடலைத் தாக்கினார்கள், பிரதமர் விலகினார், அன்றிரவு நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. அதைக் கொண்டாடி அறிக்கை விடுவதா என்ற பேச்சு எழுந்தது. இல்லை என்று விரைவாகவே முடிவானது, அதில் பெரிய விவாதம் இருக்கவில்லை.

விவாதம் அடுத்த கிழமை வந்தது. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாளன்று பொதுச் சமையலில் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று தமிழ் மாணவர்கள் கேட்டார்கள். இறுதிப் போரில் உப்பும் அரிசியும் தண்ணீருமாகக் காய்ச்சிக் குடித்து உயிரோடு இருந்ததன் நினைவு அது. ஒரு மூலையில் அவர்கள் மட்டும் செய்வதற்கு யாரும் மறுக்கவில்லை. அவர்கள் கேட்டது எல்லோரும் சாப்பிடும் அதே பானையில், அன்றைய பொதுச் சாப்பாடாக.

எதிர்ப்பு இரண்டு வகை. ஒன்று வெளிப்படையான இனவாதம், அது ஓரிருவரிடம். மற்றதற்குத்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. இப்போதுதான் ராஜபக்சக்களுக்கு எதிராகச் சிங்களக் கிராமங்கள் எழும்பியிருக்கின்றன, இந்த நேரம் போரை இழுத்தால் அவர்கள் திரும்பவும் அதே இனவாதத்தைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். உண்மையான பயம்தான் அது. அந்தக் குடும்பம் ஆட்சிக்கு வந்ததே போர் வெற்றியைச் சொல்லித்தான். ஆனால் தமிழ் மாணவர்களின் பதில் எளிமையானது: 'பிறகு' என்று 13 வருடமாகக் கேட்கிறோம். அண்ணாமாரின் பெயரைச் சொல்லி அழ முடியாத இடத்தில் சிலிண்டர் விலைக்காக மட்டும் எப்படிச் சேர்ந்து நிற்பது?

ஊவாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சிங்கள மாணவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் தன் மாமா இராணுவத்தில் இருந்து 2009இல் முல்லைத்தீவில் இறந்ததைச் சொன்னார். எல்லோரும் அவர் எதிர்ப்பார் என்று நினைத்தார்கள். கஞ்சி காய்ச்சலாம், தான் விறகு கொண்டுவருகிறேன் என்றார். வாக்கெடுப்பு வைக்கவில்லை. அன்று கஞ்சி காய்ச்சினோம், ஏன் காய்ச்சுகிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதி ஒட்டினோம். அதே நாளில் காலிமுகத்திடலிலும் முதல் தடவையாக முள்ளிவாய்க்கால் நினைவு நடந்தது, அங்கேயும் கஞ்சி கொடுத்தார்கள். எங்களுக்கு அந்தச் செய்தி சாயங்காலம்தான் வந்தது.

விளைவு கலவையானது. ஏறத்தாழ ஒரு டசின் பேர் அடுத்த நாளிலிருந்து சாப்பிட வரவில்லை, பெரும்பாலோர் திரும்ப வரவே இல்லை. மாணவர் சங்கத்தின் மேல்மட்டத்திலிருந்து ஒருவர் வந்து கண்டித்துவிட்டுப் போனார். அதுவரை எட்டிப் பார்க்காத தமிழ் மாணவர்கள் பலர் வரத் தொடங்கினார்கள், அவர்களோடு தோட்டத்துப் பிள்ளைகளின் சம்பளப் பிரச்சினை குழுவின் கோரிக்கைப் பட்டியலில் ஏறியது. அதுவரை இலவசக் கல்வி, விலைவாசி, ஜனாதிபதி விலகல், இவை மட்டும்தான் இருந்தன. பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் அந்தப் பட்டியலில் இல்லாதது யாருக்கும் உறைக்கவில்லை.

## ஜூன், ஜூலை

ஜூன் மாதம் எரிபொருள் முடிந்தது. கடைசிக் கிழமையில் அத்தியாவசிய சேவை தவிர வேறு யாருக்கும் பெற்றோல் இல்லை என்று அறிவித்தார்கள். வளாகம் வெறிச்சோடியது, விரிவுரைகள் இணையத்துக்குப் போயின. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவில் சிக்னல் இல்லாமல், டேட்டா போடக் காசில்லாமல் தோட்டத்து மாணவர்கள் பரீட்சையை விட்டார்கள். சமையல் நின்றது.

குழு சிதறும் என்றுதான் நினைத்தோம். சிதறாமல் இருந்ததற்குக் காரணம் பழைய வகை ஏற்பாடு ஒன்று: ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குக் கிழமைக்கு ஒரு தடவை போன் எடுக்க வேண்டும், சாப்பிட்டாயா, வீட்டில் என்ன நிலைமை என்று கேட்க வேண்டும். அரசியல் பேசுவது கட்டாயமில்லை. ஜூலை 9க்கு முதல் நாள் இந்தச் சங்கிலி வழியாகத்தான் செய்தி போனது. கண்டி, காலி, மாத்தறையில் மக்கள் ரயில்வேயைக் கட்டாயப்படுத்தி ரயில் ஓடவைத்த நாள் அது. எங்கள் ஆட்களில் பாதிக்கு மேற்பட்டோர் எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள், லொறியில், நடந்து, ரயிலில். அன்று ஜனாதிபதி மாளிகை மக்கள் கைக்கு வந்தது. 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார், அடுத்த நாள் விலகினார்.

அந்தக் கிழமையின் சந்தோசத்தை விவரிக்க இது இடமில்லை. ஆனால் அதற்கு அடுத்து என்ன என்பதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். எந்த நாடாளுமன்றம் வேண்டாம் என்று வீதியில் சொன்னோமோ அதே நாடாளுமன்றம் ஜூலை 20ஆம் திகதி 134 வாக்குகளால் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது. 22ஆம் திகதி அதிகாலைக்கு முன் இராணுவம் காலிமுகத்திடலுக்குள் வந்தது. மக்கள் சபை அமைப்போம் என்று இடதுசாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தோட்டங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் அப்படிச் சபை அமைக்க ஆள் வேண்டுமே, எல்லோரும் கொழும்பில் அல்லவா இருந்தோம்.

## ஆகஸ்ட்: அதே சட்டம்

ஆகஸ்ட் 18ஆம் திகதி கொழும்பு ஊர்வலத்தில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே, பிக்கு மாணவர் அமைப்பின் சிறிதம்ம தேரர், இன்னொரு மாணவர் ஆகிய மூவரையும் பிடித்தார்கள். சில நாட்களில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவு வந்தது. 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து நாற்பது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் தமிழர் மீது, 2019க்குப் பிறகு முஸ்லிம்கள் மீதும், பாய்ந்த சட்டம் இப்போது தெற்கின் மாணவர் தலைவர்கள் மீது.

குழு மறுபடி கூடியபோது இரண்டு வாசகங்கள் முன்னால் இருந்தன. 'மாணவர் தலைவர்களை விடுதலை செய்' என்பது ஒன்று. 'பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கு, அதன்கீழ் இருக்கும் அனைவரையும் விடுதலை செய்' என்பது மற்றது. முதலாவதற்கு எல்லோரும் வருவார்கள், இரண்டாவதற்குப் புலிக்கு ஆதரவு என்று பெயர் வரும் என்றார் ஒரு சிங்கள மாணவர். வவுனியா மாணவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொன்னது மார்ச் மாதம் சோற்றுக்கு நிபந்தனை கேட்ட இறுதி வருடத்து மாணவர்களில் ஒருவர். மே 18க்கு அடுத்த நாள் இந்தப் பானையிலிருந்து சாப்பிட வந்தவர்கள் யார் என்று பாருங்கள், அவர்களிடம் போய் எங்கள் ஆளை மட்டும் விடச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பீர்களா என்று கேட்டார். இரண்டாவது வாசகம் முடிவானது.

செப்டெம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கக் கோரி காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை ஊர்தியில் கையெழுத்துத் திரட்டும் பயணம் ஒன்று நடந்தது. எங்கள் பீடத்தில் கையெழுத்துப் படிவத்தோடு விடுதி விடுதியாகப் போனவர்களில் பெரும்பாலோர் சிங்கள மாணவர்கள். மறுத்தவர்கள் நிறைய. ஒரு விடுதியில் படிவத்தைக் கிழித்தார்கள். ஆனாலும் நீண்டகாலத் தடுப்பில் இருக்கும் தமிழ்க் கைதிகளைப் பற்றிச் சிங்கள மாணவர் சிங்கள மாணவரிடம் அறையில் உட்கார்ந்து பேசுவதை நான் அதற்கு முன் எங்கள் வளாகத்தில் கேட்டதில்லை.

வசந்த முதலிகே ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு நீதவான் நீதிமன்றம் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது.

## என்ன ஆனது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. மின்கட்டணம் ஆகஸ்டில் 75 வீதம் ஏறியிருந்தது. அதாவது ஆட்சி மாறிய பிறகுதான் பசி உச்சத்துக்குப் போனது, அப்போது காலிமுகத்திடலும் இல்லை, கமராக்களும் இல்லை. வளாகம் திறந்ததும் சமையலைத் திரும்பத் தொடங்கினோம், ஆனால் பழைய அளவில் முடியவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் மீது யாரோ அழுத்தம் போட்டதில் இடம் போனது. குழுவில் இருவருக்கு எதிராக நிர்வாகம் ஒழுக்காற்று விசாரணை வைத்தது, ஒருவருடைய பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. தோட்டத்திலிருந்து வந்த முதலாம் வருடப் பையன் ஒருவன், மிகவும் கெட்டிக்காரன், அம்மாவுக்குச் சுகமில்லை என்று படிப்பை விட்டு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். நாங்கள் சேர்த்த காசு அவனுக்கு இரண்டு மாதத்துக்குத்தான் காணும். அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கும் மனதை அறுக்கும் விடயம் அது.

கடைக்காரரின் அரிசிக் கடனைப் பகுதி பகுதியாகக் கட்டி முடித்தார்கள். பகிடிவதை பீடத்தில் ஒழியவில்லை, ஆனால் சமையலில் பழகிய அந்த ஒரு தொகுதி மாணவர்கள் தங்களுக்கு அடுத்து வந்தவர்களுக்கு அதைச் செய்ய மறுத்தார்கள்.

## மாற்ற வேண்டியவை

பணத்தைப் பற்றி முதலிலிருந்தே யோசிக்க வேண்டும். சமையலுக்கு வந்த காசெல்லாம் அன்றன்றைக்கு அடுப்பில் போனது. வரவில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றாவது, படிப்பை விட்டுப் போகக்கூடியவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பையனைப் பிடித்து வைத்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முயன்றாவது பார்த்திருக்கலாம்.

சமையல் முறையையும் பேச்சையும் இணைத்த விதியை மே மாதம்வரை காத்திருக்காமல் முதல் நாளே போட வேண்டும். ஆபத்தைப் பற்றிய கதையும் அப்படித்தான். யாராவது வவுனியாக்காரர் எழுந்து சொல்லட்டும் என்று விடாமல், குழு தானாக அதை மேசையில் வைக்க வேண்டும். கூட்டத்தில் மொழிபெயர்க்கும் வேலை கடைசிவரை மூன்று தமிழ் மாணவிகள் தலையில்தான் இருந்தது, அவர்களுக்குச் சொந்தக் கருத்தைச் சொல்ல வாய் ஓய்ந்ததே இல்லை. சிங்கள மாணவர்கள் தமிழ் படிக்க வாரம் ஒரு வகுப்பு என்று தொடங்கி இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார்கள். அதை விடக் கூடாது.

தோட்டங்களுக்குப் போக வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை எல்லா வலுவும் கொழும்பை நோக்கியே போனது, பஸ்ஸில் அரை மணிநேரத் தூரத்தில் இருந்த தோட்டத்துத் தொழிலாளரோடு ஒரு கூட்டம்கூட வைக்கவில்லை. எங்கள் குழுவிலேயே அந்த லயங்களில் பிறந்த பிள்ளைகள் இருந்தும்.

இப்போது அந்தக் குழுவை நடத்துகிறவர்கள் புதியவர்கள், பெரும்பாலோர் 2022இல் பாடசாலையில் இருந்தவர்கள். கணக்குப் புத்தகத்தையும் விதிகளையும் வாங்கிக்கொண்டார்கள். நிதியைப் பீடத்தில் பதிவுசெய்து நிர்வாகத்தின் கணக்கில் வைப்பதா, வெளியே வைப்பதா என்பதில் அவர்களுக்குள் இரண்டு கட்சி. பதிவுசெய்தால் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து தைரியமாக அனுப்புவார்கள், ஆனால் அடுத்த விசாரணை வரும் நாளில் கணக்கு முடங்கலாம். இப்போதைக்கு வெளியேதான் வைத்திருக்கிறார்கள், மூன்று பேரின் கையெழுத்தில், அதில் ஒருவர் கட்டாயம் முதலாம் வருடத்தவர்.